எங்கள் வீட்டு நடிகர்

எங்கள் தெருவில் நாய் வளர்க்கிற வீடுகள் நிறைய. ஆனால் 'நாடகம் போடுற நாய் வீடு' என்று கேட்டால் கூரியர் பையனைக்கூட நேராக எங்கள் கேட்டில் கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். முறுக்கு அப்படிப் பெயரெடுத்தவன். வால் முறுக்கு போலச் சுருண்டிருப்பதைப் பார்த்து அத்தை, அதாவது என் மாமியார், வைத்த பெயர் அது. பழுப்பு உடம்பு, நெஞ்சில் கொஞ்சம் வெள்ளை, ஒரு காது நிமிர்ந்திருக்கும், இன்னொன்று மடிந்து கிடக்கும். என்ன ஜாதி என்று யாராவது கேட்டால் சுத்தமான தெரு நாய் என்று சொல்வோம். ஏரிக்கரைப் பக்கத்திலிருந்து ஒரு மழை நாளில் என் மகன் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்த குட்டி.

எங்கள் ஊர் பீர்க்கன்கரணை, 2021 வரை தனிப் பேரூராட்சி. பிறகு தாம்பரம் மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது. ஜிஎஸ்டி சாலை, ரயில் பாதை, ஏரி எல்லாம் எங்களுக்குக் கூப்பிடு தூரம்தான். மாசி போய்ப் பங்குனி பிறந்ததும் தெருவிலிருக்கும் புங்க மரங்கள் பழைய இலையைக் கொட்டிவிட்டுத் தளதளவென்று தளிர் விடும். பின்னாலேயே வேம்பு பூக்கும். விடியுமுன் குயில் ஆரம்பித்துவிடும். மலைப்பிரதேசத்துக்காரர்களுக்கு வசந்தம் மாதக்கணக்கில் இருக்கலாம். எங்களுக்குக் கிடைப்பது கொஞ்ச நாள்தான், அதற்குள் வெயில் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆனால் முறுக்குவின் வருடத்தில் அந்தக் கொஞ்ச நாள்தான் உச்சகட்ட சீசன்.

எனக்கும் அதே நேரத்தில்தான் வேலை அதிகம். வீட்டில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அறிவியல் டியூஷன் எடுக்கிறேன். பொதுத்தேர்வு நெருங்கும் நாட்களில் சாயங்காலம் ஹால் முழுக்கப் பிள்ளைகள். அத்தனை ஜோடிக் கண்கள் ஒரே இடத்தில் கிடைத்தால் எந்த நடிகன்தான் சும்மா இருப்பான்? வாசற்படியில் தொப்பென்று விழுவான், நான்கு காலையும் தூக்கிப் பெருமூச்சு விடுவான். "மிஸ், முறுக்கு செத்துட்டான்" என்று யாராவது சொல்வார்கள். பிஸ்கட் பொட்டலம் பிரியும் சத்தம் கேட்டால் உயிர் வந்துவிடும்.

இவன் நிஜமாகவே நடிக்கிறானா, இல்லை நாம்தான் அப்படிச் சொல்லிக்கொள்கிறோமா? அறிவியல் டீச்சர் என்பதால் இந்தக் கேள்வியை விட முடியவில்லை. தேடிப் படித்ததையும் வீட்டில் பார்த்ததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

ஜன்னல் திறந்தால்

பனிக்கும் கொசுவுக்கும் பயந்து சாத்தியிருந்த ஜன்னல்களைப் பங்குனியில்தான் அகலத் திறக்கிறோம். இன்னும் ஏ.சி. போடும் காலம் வந்திருக்காது. நமக்குக் காற்று வருகிறது, நாய்க்கு ஊரே உள்ளே வருகிறது. மனிதக் காதுக்கு எட்டும் உச்ச அதிர்வெண் சுமார் 20,000 ஹெர்ட்ஸ், வயதாக ஆக அதுவும் இறங்கிவிடும். நாய்க்குச் சுமார் 45,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். தாம்பரம் விமானப்படைத் தளத்துப் பயிற்சி விமானம், ரயில் ஹாரன், தண்ணி லாரி ரிவர்ஸ் எடுக்கும் சத்தம், வண்டலூர் காட்டுப் பக்கத்து மயில் என்று எதையும் முறுக்கு தவறவிடுவதில்லை.

இவற்றில் அவன் பதில் சொல்வது நீட்டி ஒலிப்பவற்றுக்கு மட்டும். மதியம் வைகை எக்ஸ்பிரஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போகும்போது மொட்டை மாடிக்கு ஓடி, கழுத்தை வானத்துக்கு நிமிர்த்தி, கண்ணை மூடிக்கொண்டு ஊளையிடுவான். குப்பை வண்டியின் பாட்டுக்கும் அப்படித்தான். இழுத்து ஒலிக்கும் சத்தங்கள் ஊளை போலவே ஒரே சுருதியில் நிற்கின்றன. தூரத்தில் இருக்கும் கூட்டத்துக்கு 'நான் இங்கே இருக்கிறேன்' என்று சொல்வது ஓநாய் வழி வந்த பழக்கம். நாய் ஊளையிட்டால் ஆகாது என்று கவலைப்படும் எதிர்வீட்டுப் பாட்டிக்கு இதைச் சொல்லிப் பார்த்தேன். "வைகை தினமும் போகுதே, தினமுமா கெட்டது நடக்கும்?" என்று அவரே தனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டார்.

பங்குனி உத்திரத்து மேளமும், சாவு ஊர்வலத்தில் வெடிக்கும் பட்டாசும் வேறு கதை. அப்போது முறுக்கு ஊளையிட மாட்டான். பாத்ரூம் மூலைக்குப் போய், வாலைக் காலுக்கிடையே செருகிக்கொண்டு நடுங்குவான். அதில் நாடகம் கிடையாது, சுத்தமான பயம். வெளியே இழுத்து வந்து 'பழக்குகிறேன்' என்று சத்தத்தின் முன்னால் நிறுத்தக் கூடாது. ஜன்னலைச் சாத்தி, ஃபேனை வேகமாக வைத்து, பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். தடவிக்கொடுத்தால் பயம் கூடிவிடும் என்பது தவறான எண்ணம். பயப்படும் நாய்க்கு ஆறுதல் சொல்லலாம், தாராளமாக.

பயமும் இல்லாத, சங்கீதமும் இல்லாத இன்னொரு நாடகம் காகங்களோடு நடப்பது. வேப்ப மரத்தில் காகம் கூடு கட்டும் காலம் இது. குயில் அதில் முட்டை வைக்கச் சமயம் பார்க்கும். எந்நேரமும் கோபமாக இருக்கும் காகங்களுக்குக் கீழே சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்திருப்பவன் முறுக்கு. ஒரு காகம் பின்னால் வந்து வால் மயிரைப் பிடித்து இழுக்கும். அவன் உறுமிக்கொண்டு திரும்புவதற்குள் இன்னொரு காகம் தயிர் சாதத்தில் ஒரு வாய் அள்ளிவிடும். அவன் காகத்தைத் துரத்துவதில்லை. நேராக உள்ளே வந்து அத்தை முன்னால் நின்று முறையிடுவான். புகாரைக் கேட்காமல் அத்தை வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தால், முன்னங்காலால் வெற்றிலைப் பெட்டியைத் தட்டுவான்.

அந்த முகம் யாருக்காக?

முறையிடும்போது புருவத்தின் உள்முனை மேலே ஏறும், கண் பெரிதாகும், பார்க்கிற நாம் கரைந்துவிடுவோம். இதைப் பிரிட்டனின் போர்ட்ஸ்மவுத் பல்கலைக்கழகத்து ஜூலியான் காமின்ஸ்கி குழுவினர் ஆராய்ந்தார்கள். 2017இல் வெளியான ஆய்வில் 24 நாய்களைப் படம் எடுத்துப் பார்த்தார்கள். மனிதர் முகம் பார்த்து நின்றபோது நாய்கள் அதிகமாக முகபாவம் காட்டின, முதுகைக் காட்டி நின்றபோது குறைத்துக்கொண்டன. கையில் தின்பண்டம் இருந்ததா இல்லையா என்பது கணக்கில் வரவில்லை. பார்வையாளர் இருக்கிறாரா என்பதுதான் கணக்கு.

2019இல் அதே குழு இன்னொன்றையும் கண்டது. உள்புருவத்தைத் தூக்கும் சிறு தசை நாய்களில் நன்றாக வளர்ந்திருக்கிறது. ஓநாயில் அந்த இடத்தில் சில இழைகள்தான் இருக்கின்றன. மனிதரோடு வாழ்ந்த ஆயிரக்கணக்கான ஆண்டுகளில், அப்படிப் பார்க்கத் தெரிந்த நாய்க்கு ஒரு பிடி சோறு அதிகம் கிடைத்திருக்க வேண்டும் என்பது அவர்கள் ஊகம். அத்தையைப் பார்க்கும்போது எனக்கு அந்த ஊகத்தில் சந்தேகம் வருவதில்லை.

வீட்டு நாய்க்கு மட்டும் வாய்த்த திறமை என்று நினைத்துவிடக் கூடாது. கொல்கத்தா ஐசர் நிறுவனத்தில் அனிந்திதா பத்ராவின் குழு நம் தெரு நாய்களை வருடக்கணக்காகக் கவனித்து வருகிறது. 2020இல் வெளியான அவர்களுடைய ஆய்வில், மூடிய இரண்டு கிண்ணங்களில் ஒன்றை மனிதர் கையால் சுட்டிக்காட்டினார். பாதி நாய்கள் பயந்து கிட்டவே வரவில்லை. வந்தவற்றில் ஏறத்தாழ 80 சதவீதம் சுட்டிய கிண்ணத்துக்கே போயின. யாரும் பழக்காத, யாரும் வளர்க்காத நாய்கள் அவை. நம் கை, கண், முகம் ஆகியவற்றைப் படிக்கும் கலை தெருவிலேயே பிறந்துவிடுகிறது.

"யாரு கொட்டினது?"

நாய் வளர்ப்பவர்கள் எல்லோரும் சொல்லும் ஒன்று: "தப்பு பண்ணிட்டு எப்படி முழிக்குது பாருங்க." காது பின்னால் போகும், தலை தொங்கும், ஓரக்கண்ணால் பார்க்கும், வால் மெதுவாகத் தரையைத் தட்டும். குற்ற உணர்ச்சி என்று சத்தியம் செய்வோம்.

நியூயார்க்கில் பர்னார்டு கல்லூரியைச் சேர்ந்த அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009இல் இதற்கு ஒரு சோதனை வைத்தார். 14 நாய்கள். உரிமையாளர் தின்பண்டத்தை வைத்து 'தொடாதே' என்று சொல்லிவிட்டு வெளியே போவார். திரும்பி வரும்போது, நாய் தின்றதா இல்லையா என்பது அவருக்குச் சில சமயம் மாற்றிச் சொல்லப்படும். தின்னாத நாயும் திட்டு வாங்கும். முடிவில், அந்தக் 'குற்றவாளி முகம்' தப்பு செய்ததால் வரவில்லை, திட்டு விழுந்ததால் வந்தது. தப்பே செய்யாமல் திட்டு வாங்கிய நாய்களிடம்தான் அது இன்னும் தூக்கலாக இருந்தது.

இந்த ஆய்வைப் படிக்காமலே எங்கள் வீட்டில் நிரூபித்தவர் அத்தை. ஒரு நாள் அரிசி மாவு டப்பாவை அவரே தட்டிவிட்டார். பழக்க தோஷத்தில், "யாரு இதைக் கொட்டினது?" என்று ஒரு சத்தம் போட்டார். அதுவரை மாடியில் கட்டிக்கிடந்து அப்போதுதான் அவிழ்த்துவிடப்பட்ட முறுக்கு, படியிலேயே காதை மடித்து, வயிறு தரையில் படத் தவழ்ந்து வந்து அவர் காலடியில் படுத்துக்கொண்டான். "அட பாவி, நீ ஏண்டா மன்னிப்புக் கேக்கற?" என்று அத்தைக்கே சங்கடமாகிவிட்டது. அவன் மாவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. 'கோபப்படாதே' என்றுதான் சொன்னான். அதனால், வேலையிலிருந்து வந்ததும் காலையில் கடித்த செருப்பைக் காட்டி நாயை அடிப்பதில் அர்த்தம் இல்லை. செருப்புக்கும் அடிக்கும் உள்ள தொடர்பு அதற்குப் புரியாது. உங்கள் கோபம் மட்டும்தான் புரியும்.

நொண்டியின் வரலாறு

ஆனாலும் நாயை ஏமாற்றவே தெரியாத அப்பாவி என்று சொல்ல முடியாது. சூரிக் பல்கலைக்கழகத்தின் மரியான் ஹெபர்லைன் 2017இல் வெளியிட்ட ஆய்வில், தின்பண்டத்தைத் தானே எடுத்துக்கொள்ளும் ஆளை நாய்கள் வேண்டுமென்றே காலிப் பெட்டிக்கு அழைத்துப்போயின, பகிர்ந்து கொடுக்கும் ஆளைச் சரியான பெட்டிக்கு.

முறுக்குவின் சாதனை நொண்டுவது. ஏரி வற்றிய கரையில் நெருஞ்சி முள் குத்தி ஒரு தடவை நிஜமாகவே நொண்டினான். என் வீட்டுக்காரர் தூக்கிக்கொண்டு வந்தார், அத்தை மஞ்சள் பூசினார், பிள்ளைகள் வரிசையில் நின்று நலம் விசாரித்தார்கள். அதற்குப் பிறகு ஷாம்பூ பாட்டிலைப் பார்த்தாலே கால் நொண்டும். சில சமயம் முள் குத்தாத கால் நொண்டும்.

இது சூழ்ச்சி என்பதைவிடப் பாடம் என்பதே சரி. எந்தச் செயலுக்குப் பிறகு நல்லது நடக்கிறதோ அதை உயிர்கள் திரும்பச் செய்யும். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் பொருந்தும் விதிதான். நொண்டியவுடன் கொஞ்சினோம், நொண்டுவதைக் கற்றுக்கொடுத்தோம். அதை நிறுத்த வேண்டுமானால் முதலில் காலைத் தொட்டு, விரலிடுக்கைப் பிரித்துப் பார்த்து, காயம் இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். பிறகு ஒன்றும் பேசாமல் வேலையைத் தொடர வேண்டும். குளித்து முடித்தபின் தின்னக் கொடுக்க வேண்டும், முன்னால் அல்ல. கண்டுகொள்ளாமல் விட்டால் ஆரம்பத்தில் நாடகம் இரண்டு மடங்காகும். அப்போது மனம் இளகினால் அந்த இரண்டு மடங்கு நிரந்தரமாகிவிடும். வீட்டில் எல்லோரும் ஒரே மாதிரி நடந்தால்தான் பலிக்கும். எங்கள் வீட்டில் பாதிதான் பலித்தது. காரணம் வெற்றிலைப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது.

வெயில் ஏறும்போது

பங்குனிப் பாதியில் மதிய வெயில் 35 டிகிரி செல்சியஸைத் தொடத் தொடங்கும். அப்போது முறுக்கு டைனிங் டேபிளுக்கு அடியில் டைல்ஸில் வயிறு படக் காலை விரித்துக் கிடப்பான். நாக்கு ஒரு பக்கம் தொங்கும். பார்க்க மிகையாகத்தான் இருக்கும், ஆனால் அது உடம்பு செய்யும் வேலை. நாய்க்கு வியர்ப்பது பெரும்பாலும் பாதத்தில்தான். உடம்புச் சூட்டை இறக்க நாக்கையும் மூச்சையும்தான் நம்பியிருக்கிறது. அதன் இயல்பான சூடே 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். 104ஐத் தாண்டினால் ஆபத்து. மூக்கு சப்பையான பக் நாய்க்கு, அதாவது நாம் 'ஹட்ச் நாய்' என்று சொல்வதற்கு, மூச்சுக் குழாயே குறுகல் என்பதால் கஷ்டம் இன்னும் அதிகம்.

காலை ஆறரைக்குள் வாக்கிங் முடித்துவிட வேண்டும், சாயங்காலம் தார் ரோடு ஆறிய பிறகு போக வேண்டும். ரோட்டில் புறங்கையை வைத்துப் பாருங்கள். சில நொடிகூட வைக்க முடியவில்லையென்றால் நாயின் பாதமும் வெந்துவிடும். தண்ணீர்க் கிண்ணத்தை நிழலில் இரண்டு இடத்தில் வையுங்கள். முடியை ஒட்ட வெட்டிவிடாதீர்கள், வெயில் தோலைச் சுடாமல் தடுப்பதும் அந்த முடிதான். மூச்சு இரைத்து, எச்சில் கெட்டியாகி, தள்ளாடினால் ஐஸ் தேட வேண்டாம். சாதாரணத் தண்ணீரை உடம்பு முழுக்க ஊற்றி, ஃபேன் காற்றில் வைத்து, உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

மாம்பழ சீசனில் இன்னொரு கவனம். சதை கொஞ்சம் தின்றால் பரவாயில்லை. கொட்டையை விழுங்கினால் குடலை அடைத்துக்கொள்ளும். வெங்காயமும் திராட்சையும் சாக்லேட்டும் நாய்க்கு விஷம். சித்திரை முதல் நாள் வேப்பம்பூப் பச்சடியை நக்கிப் பார்த்துவிட்டு முறுக்கு காட்டும் முகத்தைப் பார்க்க மட்டும் எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் உண்டு.

நடிக்காத நாள்

இந்தக் காலத்தின் பெரிய வில்லன் உண்ணி. வெயில் ஏற ஏற அது வேகமாகப் பெருகும். நாயின் மேல் இருப்பது கொஞ்சம்தான். பெண் உண்ணி கீழே இறங்கிச் சுவர் விரிசலிலும் கேட் இடுக்கிலும் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். அதனால் நாய்க்கு மட்டும் மருந்து போட்டால் போதாது, அது படுக்கும் இடத்தையும் சுவர் ஓரங்களையும் சுத்தம் செய்ய வேண்டும். காதுக்குள், விரலிடுக்கில், பெல்ட்டுக்கு அடியில் தினமும் தடவிப் பார்க்க வேண்டும். மண்ணெண்ணெய் ஊற்றுவது, தீக்குச்சியால் சுடுவது எதுவும் வேண்டாம். தோலை ஒட்டி இடுக்கியால் பிடித்து நேராக இழுத்தால் வந்துவிடும்.

அந்த உண்ணி கொண்டுவரும் காய்ச்சல் ஒரு பங்குனியில் முறுக்குவைப் பிடித்தது. கண்டுபிடித்தவர் அத்தை. "வைகை போச்சு, இவன் ஒண்ணுமே சொல்லல" என்றார். பால் பாக்கெட் சத்தத்துக்கு எழவில்லை. காகம் தட்டைக் காலி செய்தது, புகார் வரவில்லை. டாக்டர் "என்ன தொந்தரவு?" என்று கேட்டதும் நான் யோசித்துக்கொண்டிருந்தேன். "அவன் நடிக்கவே மாட்டேங்கறான் டாக்டர்" என்றார் அத்தை. டாக்டர் சிரிக்கவில்லை. உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தார். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டியது வெளுத்திருந்தது. காய்ச்சல் இருந்தது. ரத்தம் எடுத்துப் பார்த்ததில் தட்டணுக்கள் குறைந்திருந்தன. எர்லிக்கியா என்ற கிருமி செய்யும் வேலை இது. டாக்ஸிசைக்ளின் மாத்திரை கொடுப்பார்கள், வழக்கமாக நான்கு வாரம் விடாமல் போட வேண்டும். நாய் தேறிவிட்டது போலத் தெரியும்போது பாதியில் நிறுத்திவிடுவதுதான் பலரும் செய்வது. அதைச் செய்யக் கூடாது.

இதிலிருந்து நான் பிடித்துக்கொண்டது ஒன்று. அடக்கமான நாயைவிட ஆர்ப்பாட்டமான நாயைப் பார்த்துக்கொள்வது சுலபம். தினமும் இந்த நேரத்துக்கு இந்தக் காட்சி என்று தெரிந்துவிட்டால், ஒரு காட்சி விட்டுப்போனாலே உடம்பு சரியில்லை என்று புரிந்துவிடும். டாக்டரிடம் அழைத்துப்போக வாந்தியோ பேதியோ வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. சாப்பாட்டை விட்டது, மூலை தேடியது, ஈறு வெளுத்தது, சிறுநீர் நிறம் மாறியது, இதில் எது இருந்தாலும் அன்றைக்கே காட்டிவிட வேண்டும். பெரிய பரிசோதனை தேவைப்பட்டால் வேப்பேரியில் 1903இல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரி இருக்கிறது.

மார்கழியை ஒட்டிப் பிறந்த தெருக்குட்டிகள் இப்போது எங்கள் தெரு மணலில் உருண்டுகொண்டிருக்கின்றன. தேர்வு முடிந்த கையோடு டியூஷன் பிள்ளைகள் "மிஸ், ஒண்ணு எடுத்துக்கவா?" என்று வருவார்கள். பார்வோ முதலான நோய்களுக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் தடுப்பூசி தொடங்க வேண்டும், மூன்று மாதத்தில் வெறிநோய் ஊசி, பிறகு வருடா வருடம், உரிய வயதில் கருத்தடை என்று நான் பட்டியல் போடுவேன். அத்தை பட்டியலெல்லாம் கேட்பதில்லை. "பகல்ல வீட்ல யாரு இருப்பா?" என்று மட்டும் கேட்பார். யாரும் இல்லை என்று பதில் வந்தால், அந்தப் பிள்ளைக்கு முறுக்குவைக் கொஞ்ச அனுமதி உண்டு, குட்டி கிடையாது.